தூளிப் புடவையின் பாதி

பட்டு நெய்கிற வீட்டில் பட்டு இருக்காது. இதைக் கேட்டு வியப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். ஆரணியில் யாரும் வியப்பதில்லை. பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத் தரப்படும். நெய்த புடவை எடை போட்டுத் திரும்ப வாங்கப்படும். நடுவில் கூலி மட்டும் நம்முடையது. என் அம்மா நெய்ததைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த பெண்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சிற்றூர் தேறும். அவளுடைய பீரோவில் இருப்பதோ வாயிலும் பாலியெஸ்டரும். ஒரே ஒரு பட்டு இருந்தது, அவளுடைய கல்யாணப் புடவை. மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறி, பாவு காயாமல், வேலை நின்றுபோகும். அப்படி ஒரு ஐப்பசியில், பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தபோது அது போயிற்று. ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியது. எரித்தால் வெள்ளி மிஞ்சும். அவருக்கு வேண்டியது அந்த வெள்ளிதான். கட்டமும் கரையும் அவருக்கு எதற்கு?

இப்படிப்பட்டவளுக்கு நினைவுப் பொருள் என்று எதைச் செய்து கொடுப்பது?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் நான். வைகாசியில் பாப்பா பிறந்தாள். ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டார் வந்து அழைத்துப்போவது முறை. அப்போது கொடுத்தனுப்ப வேண்டியவை என்று அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது: தொட்டில், கொலுசு, வெள்ளி அரைஞாண், பாலாடை, பால் கிண்ணம், சம்பந்தி வீட்டாருக்கு எடுக்க வேண்டிய துணி. எல்லாம் இங்கிருந்து அங்கே போவது. குழந்தையிடமிருந்து ஆயாவுக்கு என்று அதில் ஒரு வரி இல்லை. (எங்கள் பக்கத்தில் பாட்டி ஆயாதான்.) நாங்கள் கிளம்பியபின் தறிக்கூடத்து விட்டத்தில் வெறும் கொக்கி தொங்கும், அவள் அதன் கீழே உட்கார்ந்து நாடாவை எறிந்துகொண்டிருப்பாள் என்பது அந்தப் பட்டியலைப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. குழந்தையை வைத்தே ஏதாவது செய்து அவளிடம் விட்டுப்போக வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

குழந்தையின் உடம்பிலிருந்து எதையாவது எடுத்துவைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, இடுப்பில் கட்டுகிறோம். ஆனால் அது குழந்தைக்கே திரும்பிவிடுகிறது. முதல் முடி குலதெய்வத்துக்கு. இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் படவேடு ரேணுகாம்பாள் சந்நிதியில்தான் மொட்டை. மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கு. காலடி கண்ணனுக்கு: கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறை வரை மாவில் சின்னப் பாதங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதன் காலையே மாவில் தோய்த்து இரண்டு அடியாவது பதிக்காமல் விடமாட்டார்கள். மறுநாள் காலை துடைப்பம் வந்துவிடும். இப்படி சாமிக்கு ஒரு பங்கு, மாமனுக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கே ஒரு பங்கு. ஆயாவின் பங்கு ஈரத்துணி.

இத்தனைக்கும் பிள்ளையை முதலில் கேட்டவள் அவள். ஆரணியில், கமண்டல நாகநதிக் கரையில், புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதன் பிள்ளை வேண்டி வேள்வி செய்த இடம் என்பது ஊரின் நம்பிக்கை. அயோத்தியிலிருந்து இவ்வளவு தூரம் அவர் ஏன் வந்தார் என்று சின்ன வயதில் கேட்டுத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே அம்மா அங்கே போய் வேண்டிக்கொண்டாள், என்னிடம் சொல்லாமல். பாப்பா பிறந்த பிறகுதான் சொன்னாள், கடன் வாங்கியதைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்.

ஊரில் சொன்னால் யோசனைக்குப் பஞ்சமில்லை. சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி, குழந்தையின் கையையும் காலையும் அச்செடுத்து, சுண்ணாம்புச் சாந்து போன்ற ஒன்றில் வார்த்து, தங்க நிறம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தரும் கடை ஒன்றின் படங்களை அனுப்பினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மணிக்கட்டோடு அறுத்துவைத்த கை என்ற நினைப்பை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. இந்த ஆசையும் புதிதல்ல. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில், வயலட் ஷின்பாக் என்ற பெண்மணி 1934-இல் ஒரு தொழில் தொடங்கினார்: குழந்தையின் முதல் காலணியை வாங்கி, அதன்மேல் வெண்கலப் பூச்சேற்றித் திருப்பித் தருவது. பொருளாதாரம் நொடிந்துகிடந்த காலம் அது. அப்போதும் வீடு வீடாகப் போய் இதற்கு வாடிக்கையாளர் பிடிக்க முடிந்திருக்கிறது. குழந்தை காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விடுகிறது. பெரியவர்களுக்குத்தான் அந்தப் பழைய அளவு தேவைப்படுகிறது. ஆனால் தோலையும் நூலையும் உலோகமாக்கிவிட்டால் பிறகு அதில் தொடுவதற்கு என்ன இருக்கிறது?

துணியைத் துணியாகவே வைத்துக்கொண்ட ஒரு கதை லண்டனில் இருக்கிறது. அது வேறு மாதிரிக் கதை, சந்தோஷமானதும் அல்ல. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் பல ஆண்டுகள் மன்றாடி அரசரிடம் 1739-இல் சாசனம் பெற்று அமைத்த கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம், 1741-இல் முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. வளர்க்க வழியில்லாத தாய்மார் அங்கே குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். பிற்பாடு தாய் திரும்பி வந்தால் எது அவள் குழந்தை என்று அடையாளம் காண ஏதாவது வேண்டுமே. அதற்காகக் குழந்தையின் சட்டையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டை வெட்டிப் பதிவுத்தாளில் குத்திவைத்தார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, ரிப்பன், சட்டைக் கை என்று அப்படிச் சேர்ந்தவை ஏறக்குறைய 5,000 துண்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண மக்கள் என்ன உடுத்தினார்கள் என்று அறிய இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய தொகுப்பு அதுதான். ஜான் ஸ்டைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அவற்றில் சிலவற்றை எடுத்து 2010-இல் லண்டனில் கண்காட்சியாக வைத்தார்.

அந்தத் துண்டுகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1767-இல் ஒரு பையனோடு வந்தது. சின்னச் சின்னத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அதில் ஒரு இதயத்தை ஊசிவேலை செய்து, பிறகு அந்த இதயத்தை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். பாதி இல்லத்தின் புத்தகத்தில். மறுபாதி தாயிடம். சாரா பெண்டர் என்ற அந்தத் தாய் 1775-இல் திரும்பி வந்து, மகனைக் கேட்டு அழைத்துப் போனாள். தைக்கும்போதே வெட்டப்போகிறோம் என்று தெரிந்து தைத்த கை அது. முதல் இருபது ஆண்டுகளில் அங்கே சேர்ந்த 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் இப்படித் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் 152 பேர். மற்ற துணிகளின் மறுபாதியை வைத்திருந்தவர்கள் அதை எங்கே வைத்திருந்தார்கள், எத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிராது.

(அந்தக் காலத்தில் ஆரணியின் பெயரும் ஆங்கிலேயர் எழுத்தில் ஏறியது, போருக்காக. 1751 டிசம்பரில் இங்கே ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையை முறியடித்தார். 1782-இல் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதியதும் இங்கேதான். குதிரைகள் ஓடிய தெருக்களில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த வரலாறுகளில் ஒரு வரி இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.)

சாரா பெண்டரின் கதையைப் படித்தபோது பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்ன செய்யலாம் என்று தலைக்கு மேல் பார்த்தேன். வேண்டியது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தூளிக்குப் புதுத்துணி ஆகாது. பிறந்த குழந்தைக்கே முதலில் பழந்துணிதான். கஞ்சியும் முரட்டுத்தனமும் போய், துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுக்குத் திரும்பிவிட்ட துணி வேண்டும். அந்த மென்மையைக் கடையில் வாங்க முடியாது. யாராவது பல வருஷம் கட்டியிருந்தால்தான் உண்டு. பீகாரில் சுஜனி என்று ஒன்று செய்கிறார்கள். பழைய புடவைகளை அடுக்கி, ஓடுதையல் போட்டுப் பிறந்த குழந்தைக்குப் போர்வையாக்குவார்கள். வங்காளத்தில் காந்தா. இன்று இரண்டும் கண்காட்சிகளில் விலைபோகும் கலை. நம் ஊரில் தூளிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தையல் இல்லை, பூவேலை இல்லை, ஒரு முடிச்சுதான். முடிச்சை அவிழ்த்தால் மறுபடி புடவை. கலை என்று பெயர் வாங்க அது ரொம்பச் சாதாரணம் போலிருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

எங்கள் தூளி அம்மாவின் பழைய சுங்குடி. கத்தரிப்பூ நிறம் வெளுத்துச் சாம்பலுக்கு வந்துவிட்டது. தூளிக்கயிற்றின் நுனி தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அவள் கைக்கு எட்டுமாறு நீண்டிருக்கும். நாலு ஊடை போடுவாள், ஒரு இழுப்பு இழுப்பாள். பாப்பா சிணுங்கினால் ஒரு ஊடைக்கு ஒரு இழுப்பு. இரண்டு காலும் மிதிபலகையில், ஒரு கை நாடாக் கயிற்றில், ஒரு கை பலகையில் இருக்கும்போது தூளியை ஆட்ட மூன்றாவது கை எங்கிருந்து வருகிறது என்று நான் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். நானும் என் தம்பியும் அப்படித்தான் வளர்ந்தோம். நாடு முழுக்க 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள்; அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, தறியில் உட்காருவது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். தூளிக்கயிறு எந்தப் பத்தியில் வரும்?

ஆக, தூளிப் புடவையின் ஒரு பகுதி அம்மாவுக்கு, ஒரு பகுதி பாப்பாவுக்கு என்று முடிவுசெய்தேன். வெறும் துணியாகக் கொடுத்தால் கைப்பிடித் துணியாக அடுப்படிக்குப் போய்விடும் என்று எனக்கு அம்மாவைத் தெரியும். அதில் பாப்பாவின் அடையாளம் ஒன்று இருக்க வேண்டும், ஓரத்துக்குக் கொஞ்சம் பட்டு இருக்க வேண்டும்.

பட்டுக்குத்தான் யோசனை வந்தது. நெசவாளி வீட்டில் ஒரு கைப்பிடி பட்டு எப்போதுமே கணக்குக்குரிய விஷயம். பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தில், மகள் பிறந்தபோது அவள் கல்யாணத்துக்குப் பட்டு தருவதாக வாக்குக் கொடுத்த தகப்பன், தினமும் கொஞ்சம் நூலை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவான். 2007-க்கான சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது, பிரகாஷ்ராஜுக்கும் விருது கிடைத்தது. ஊரில் அதைப் பார்த்தவர்கள் நடிப்பைப் பற்றி அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை. அந்த நூல் எச்சிலில் நனைந்தால் சாயம் என்ன ஆகும், சிக்கு விழாதா என்று பேசினார்கள். தொழில் தெரிந்தவர்களின் கண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

எனக்குக் களவு தேவைப்படவில்லை. ஒரு பாவு முடிந்து கடைசிப் புடவையை அறுத்ததும் அச்சிலும் விழுதிலும் கொஞ்சம் நூல் நிற்கும். அதை உருவிவிடக் கூடாது. அடுத்த பாவின் நூலை அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, முடிச்சில்லாமலே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழை. பெரும்பாலும் பெண்கள் வேலை. அப்படிப் பிணைத்து மெல்ல இழுத்தால் பழைய பாவு வழிகாட்ட, புதுப் பாவு விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் தானாக நுழைந்து வந்துவிடும். தறி ஒருபோதும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. எப்போதாவது அச்சையே மாற்ற நேர்ந்தால்தான் பழைய நூல் முழுக்க வெளியே வரும். அதை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அரக்கு, கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம், மாம்பழ மஞ்சள். எந்த நிறம் எந்த வருஷத்துப் பாவு என்று அவளால் சொல்ல முடியும். ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்குமேல் கிடையாது. எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டால், “கெடக்கட்டும், தூக்கிப் போட மனசு வரல” என்பாள். நினைவுப் பொருள் என்ற பேச்சே தெரியாமல் அவள் வைத்திருந்த நினைவுப் பொருள் அந்த டப்பாதான். எனக்கு அது ஓரத்தையலுக்கு ஆயிற்று.

அடையாளத்துக்குக் கை அச்சு எடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எல்லோரும் செய்வது அதுதான். விரித்த ஐந்து விரல், நடுவில் பெயர், தேதி. அம்மாவிடம் வேறு எதற்கோ என்று சொல்லி, பாப்பா கையை மாவில் வைக்கலாமா என்று கேட்டேன்.

“கையை எதுக்குடி தொடவைக்கிற? காலை வெச்சிக்க.”

“ஏம்மா?”

“சொன்னா கேளு. இப்போ எதுக்கு அவ கையி?”

அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் ஓரளவு அறிவேன். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் புடவையில் இரண்டையும் நெய்யும்போதே கோத்துச் சேர்ப்பது கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் கையாள முடியாது, தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி எறிய வேண்டும். அந்த இடம் ஒரு காலத்தில் பிள்ளைகளின் இடம். சின்ன விரல், குறைந்த கூலி, சில வேளை கூலியே இல்லை. வீட்டுப் பெரியவர் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு வட்டிபோல அந்த விரல்கள் போய்ச் சேரும். குழந்தை உழைப்பைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் 1986-இல் சட்டம் வந்தது. ஆனால் 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது. பிறகு பள்ளிக்கூடங்களும் அதிகாரிகளும் இயக்கங்களும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றினார்கள், மறுப்பதற்கில்லை. அம்மா அதற்கெல்லாம் முந்தியவள். ஐந்தாம் வகுப்போடு கரைக்கு நாடா எறிய உட்கார்ந்தவள். ஜரிகை அறுத்த கோடுகள் அவளுடைய ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இன்னும் தெரியும்.

அதாவது, குழந்தையின் கை பட்ட துணி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எத்தனையோ பட்டுப் புடவைகளில் எட்டு வயது விரல்கள் ஊடையோடு ஊடையாக இருக்கின்றன. அதை அச்சாக யாரும் பதிக்கவில்லை, பதிக்காமலே அது அந்தப் புடவைகளில் இருக்கிறது. பிஞ்சுக் கையின் அழகைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், அந்தக் கை எந்த வேலையும் செய்திராத தலைமுறை ஒன்று முதலில் வர வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறை என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. அம்மாவுக்கு அதில் பெருமை உண்டு, ஆனால் கையை அச்செடுக்கும் அளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். தெருவில் பல வீடுகளில் தறிக்குழியை மூடி டைல்ஸ் பதித்துவிட்டார்கள். 1985-இன் ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறிகள் நெய்து தள்ளுவதாக நெசவாளர்கள் முறையிட்டபடியே இருக்கிறார்கள். பிள்ளைகள் பொறியியல் படித்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும் என்றுதான் அம்மாவும் சொல்கிறாள். தன் தறியை மட்டும் எடுக்கச் சொன்னால் பதில் வராது.

கிருஷ்ண ஜெயந்தி வந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்காக ஊரில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்த நேரம். மாவு அரைத்து வைத்திருந்தோம். ஆரணியில் அரிசிக்கா குறை? பட்டுக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் இங்கே அரிசிக்கும் உண்டு; பாவுக்குப் போடும் கஞ்சியும் கோலத்துக்குக் கரைக்கும் மாவும் ஒரே மூட்டையிலிருந்து வருகின்றன. அம்மா வாசலில் கையை மடக்கி, பக்கவாட்டில் வைத்துக் கண்ணன் பாதம் போட்டுக்கொண்டே வந்தாள். விரல்களுக்கு ஐந்து பொட்டு, ஒவ்வொன்றும் அளந்து வைத்த இடைவெளியில். நான் உள்ளே துவைத்துக் காயவைத்த சுங்குடித் துண்டை விரித்து, பாப்பாவின் காலை மாவில் தோய்த்து அழுத்தினேன். வலது கால் பதிந்தது. இடது காலை வைப்பதற்குள் அவள் உதைத்தாள். மறுபடி வைத்ததில் முதல் அச்சின் மேலேயே விழுந்தது. பெருவிரல் இரண்டு இடத்தில், குதிகால் எங்கும் இல்லை. மாவு காய்வதற்குள் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அரிசிமாவுதானே என்று விட்டேன். பிடுங்கிப் பார்த்தால் துணியின் ஒரு மூலை ஈரம், நடுவில் ஒரு கால், பக்கத்தில் ஒன்றரைக் கால்.

நல்லதாக இன்னொன்று எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் அன்று செய்தது உதைத்ததுதான்.

மாவு உதிர்ந்துவிடும் என்பதால் ஓரமாகப் பென்சிலால் வரைந்துகொண்டு, டப்பாவிலிருந்த நூலில் சங்கிலித் தையல் போட்டேன். சாண் நீள நூலில் தைத்தால் அடிக்கடி நூல் மாற்ற வேண்டும். ஆகவே பாதத்தின் ஒரு பக்கம் அரக்கு, விரல்கள் மஞ்சள், ஒன்றரைக் காலில் பாதி நீலம். உதைத்த கோடுகளையும் விடாமல் தைத்தேன். அம்மா தறியில் இருக்கும் நேரம் பார்த்துத் தைப்பது எளிதாகத்தான் இருந்தது. தறிச் சத்தம் நின்றால் துணியை மறைத்துவிடலாம். பெயர் போடவில்லை, தேதி போடவில்லை. ஆயாவுக்குத் தெரியாத பெயரா, தெரியாத தேதியா?

அழைத்துப்போகும் நாளுக்கு முந்தின நாள் கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் மறுநாள் காலை வருவார்கள் என்று பலகாரம் செய்துகொண்டிருந்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, நெய்கிறவர்கள் பார்க்கமாட்டார்கள். புரட்டி, பின்பக்கத்து நூல்முனைகளை விரலால் தடவினாள்.

“இன்னாடி இது, கோழி கிளறின மாதிரி?”

“பாப்பா கால்ம்மா. தூளித் துணிதான். உனக்கு.”

அப்புறம்தான் முன்பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டது நான் எதிர்பார்த்ததல்ல.

“இந்த நூலு எங்க எடுத்த?”

“உன் டப்பாவுலதான்.”

“தறியில கெடந்தது எதுவும் தொடலியே?”

“தொடலம்மா.”

“சரி. கணக்குல வர்றது.” விரல்களின் மஞ்சளைத் தொட்டாள். “இது உன் கல்யாணத்துக்கு முந்தின தையில ஓடின பாவு. கரை அரக்கு. வேலூர்க்காரங்க எடுத்தாங்க.” நீலத்தைத் தொட்டு அதற்கும் ஒரு வருஷம் சொன்னாள். ஓரத்தில் நான் போட்டிருந்த தையல் இழுத்த இழுப்புக்கு நெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் முகம் சுளித்தது. “கரை நிக்கலியே. ராத்திரிக்கு நான் பிரிச்சிப் போட்டுடறேன், ஊசிய வெச்சிட்டுப் போ.” கொடுத்த பரிசைப் பெற்றவளே திருத்தித் தைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் வீட்டில் தங்கும் துணியின் கரையாவது அவள் போட்டதாக இருக்கட்டும்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முறுக்கு அச்சைக் கையில் எடுத்தவள் திரும்பினாள்.

“அந்த ஆயாவுக்கு எங்க?”

“எந்த ஆயாவுக்கு?”

“உன் மாமியாருக்குடி. நாளைக்கு அவுங்க வந்து இத பாத்தாங்கன்னா? இந்த ஆயாவுக்கு மட்டும் பேத்தி கால வெச்சிக் குடுத்தியான்னு கேக்கமாட்டாங்க, மனசுல வெச்சிக்குவாங்க. அது இன்னும் மோசம்.”

மிச்சத் தூளித்துணி பாப்பாவுக்கு, அவள் வளர்ந்தபின் கொடுக்க என்று எடுத்துவைத்திருப்பதைச் சொன்னேன். சாரா பெண்டரையும் சொல்லலாம் என்று வாயெடுத்து விட்டுவிட்டேன். வெட்டிய இதயத்துக்கு இரண்டு பாதிதான். சம்பந்தி உறவை அந்தக் கணக்கில் அவள் சேர்த்திருக்க நியாயமில்லை.

“பாப்பாவுக்கு இன்னாத்துக்கு இப்போ? அவ இருக்கா இல்ல.” அடுப்பைத் தணித்துவிட்டு மிச்சத் துண்டைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்ததும் தரையில் விரித்துச் சாணால் அளந்தாள்: நாலு சாணும் கொஞ்சமும். நடுவில் விரலால் கோடு கிழித்தாள். “இதுல பாதி அவுங்களுக்கு, பாதி இவளுக்கு. டப்பாவுல பச்ச நூலு இருக்கு, அத போடு, அவுங்களுக்குப் பச்சதான் புடிக்கும். மாவு கொஞ்சம் கரைச்சிக்கினு வா. அவ முழிச்சிக்கினுதான் இருக்கா.”